எங்கள் பின்னல் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தைச் சேர்ந்த சிலர் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூடிப் பின்னுகிறோம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பருத்தித் தொப்பி, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குக் குல்லா, படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களுக்கும் துக்க வீட்டினருக்கும் மெல்லிய போர்வை. பெரும்பாலும் இவைதான்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்ட கேள்விகளையே மறுபடி மறுபடி கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே, எழுத்துக்கு ஏற்பச் சற்றே திருத்தி, கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது, அக்கா. நான் வந்து என்ன செய்யப்போகிறேன்?

வாருங்கள். குரோஷாவுக்கு வேண்டியது முனையில் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசி. சங்கிலி, சிங்கிள், டபுள் என்ற மூன்று வகைப் பின்னலும் கைக்கு வந்துவிட்டால் தொப்பியும் போர்வையும் பின்னிவிடலாம். முதல் வாரத்தில் சங்கிலி ஒரு இடத்தில் இறுகியும் ஒரு இடத்தில் தொளதொளவென்றும் வரும். எல்லாருக்கும் அப்படித்தான் வரும்.

பின்னவே வராது என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. தொங்கும் நூல் முனைகளைத் தையல் ஊசியால் உள்ளே சொருகி மறைக்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமை உள்ளவர்கள்தான் எங்களிடம் குறைவு. பின்னி முடித்தவுடன் கத்தரித்துவிட்டு எழுந்துபோகிறவர்களே அதிகம். அந்த முனைதான் முடி கொட்டிய தலையில் போய் உறுத்தும்.

குரோஷா நல்லதா, இரண்டு ஊசி வைத்துப் பின்னும் ஸ்வெட்டர் பின்னல் நல்லதா?

இரண்டு ஊசிப் பின்னல் நன்றாக இழுபடும். தலையில் பாந்தமாக உட்காரும். குரோஷா சற்று விறைப்பு, ஆனால் வேகம். நடுவில் ஒரு கண்ணி (நூல் வளையம்) கழன்றாலும் கீழ்வரை பிரிந்துபோகாது. புதிதாக வருபவர்களுக்குக் குரோஷாதான் கற்றுக்கொடுக்கிறோம். ஏற்கெனவே ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்கள் தங்கள் ஊசியோடு வரலாம்.

நம் ஊர் வெயிலில் யார் கம்பளித் தொப்பி போடுவார்கள்?

யாரும் போடமாட்டார்கள். அதனால்தான் பருத்தி நூல். கீமோதெரபி தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்கு முடி கொட்டத் தொடங்குகிறது. அப்போது தலைத்தோல் சற்றுத் தொட்டாலே வலிக்கும். வெயிலும் சுடும், மருத்துவமனை ஏசியின் குளிரும் உறைக்கும். மூன்றுக்கும் சேர்த்துத் தாங்கும் மென்மையான பருத்தி வேண்டும். கடையில் நூலை வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது. கழுத்தின் பக்கவாட்டில் வைத்துச் சற்று நேரம் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு அரித்தால் அவர்களுக்குப் பல மடங்கு அரிக்கும்.

கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். வியர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொப்பிக்கும் குல்லாவுக்கும் அது வேண்டாம். வீட்டில் மிஞ்சிய அக்ரிலிக் நூலைக் கொண்டுவந்து கொடுப்பவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. மலைப்பகுதிச் சபைகளுக்குப் போகும் போர்வைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறோம்.

போடுபவரின் தலையை அளக்காமல் தொப்பிக்கு எப்படி அளவு எடுப்பது?

பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 53 முதல் 58 செ.மீ. பின்னல் இழுபடும் என்பதால் 51, 52 செ.மீ. சுற்றளவில் பின்னினால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். முடி இல்லாத தலைக்குத் தொப்பி சற்றுப் பெரிதாகவே தெரியும் என்பதையும் மனத்தில் வையுங்கள். நிறைமாதக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு 33 முதல் 35 செ.மீ.; குல்லா 31, 32 செ.மீ. போதும். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் சிறிதாக, ஓர் ஆரஞ்சுப் பழத்துக்குப் போடும் அளவில்கூடப் பின்ன வேண்டியிருக்கும்.

உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குவதுதான் எளிய முறை. முதலில் தட்டையான வட்டம். அதன் குறுக்களவு, வேண்டிய சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவாக இருக்கும்போது கண்ணிகளைக் கூட்டுவதை நிறுத்துங்கள். பெரியவர் தொப்பிக்கு 16.5 செ.மீ., குழந்தைக் குல்லாவுக்குப் பத்து செ.மீ. அதன்பின் கூட்டாமல் சுற்றிக்கொண்டே போனால் தானாகக் கீழே மடங்கி இறங்கும்.

என் வட்டம் தட்டையாகவே வருவதில்லை. ஒரு நாள் கிண்ணமாகக் குவிகிறது, ஒரு நாள் அலையலையாக நிற்கிறது. என்னதான் பிழை?

எண்ணிக்கைதான். சிங்கிள் பின்னலில் ஆறு கண்ணிகளோடு தொடங்கினால் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட வேண்டும்: 6, 12, 18, 24. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. நான்காம் சுற்றில் இரண்டு கண்ணிகளில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு. கூட்டல் குறைந்தால் குவியும், கூடினால் அலையடிக்கும்.

பலர் தவறவிடுவது சுற்றின் முதல் கண்ணியை. பேச்சு சுவாரசியத்தில் அது எங்கே என்று மறந்துவிடும். வேறு நிறத்தில் ஒரு துண்டு நூலை அந்தக் கண்ணியில் போட்டுவைத்து, சுற்று முடிய முடிய மேலே நகர்த்துங்கள். நூலை விரலில் இறுக்கிச் சுற்றிப் பின்னுகிறவர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தும் குவியும். அவர்கள் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறினாலே சரியாகிவிடும்.

குழந்தைக் குல்லாவில் ஒரு பூ, ஒரு குஞ்சம் வைத்தால் அழகாக இருக்குமே?

இருக்கும். வேண்டாம். பூ, பொத்தான், மணி, தாடைக்குக் கீழே கட்டும் கயிறு எதுவும் கூடாது. கழன்றால் வாய்க்குள் போகும், கயிறு கழுத்தில் சுற்றும். பெரிய ஓட்டைகள் உள்ள வேலைப்பாடும் வேண்டாம். பிஞ்சு விரல் நுழைந்து நூல் இறுக்கிக்கொள்ளும்.

அந்தக் குல்லா எதற்கு என்று தெரிந்தால் அலங்கார ஆசை தானாகப் போய்விடும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை உடல் சூட்டை வேகமாக இழக்கும். பிறந்த குழந்தையின் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை. தாயின் வெற்று மார்பில் குழந்தையை ஒட்டிவைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு பராமரிப்பு 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அப்போது குழந்தையின் உடம்பில் இருப்பது அணையாடை, குல்லா, காலுறை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போன பிறகு, நன்றாக இருக்கும் குழந்தை தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிட வேண்டும் என்றும் தாய்மாரிடம் சொல்லுங்கள். சூடு மிகுந்துபோவதும் ஆபத்து, முகத்தின் மேல் சரிவதும் ஆபத்து.

இன்னொன்று. பிள்ளை பிறக்கும் முன்னே துணிமணி சேர்க்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. யாருக்கும் முன்கூட்டிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் ஆக்டோபஸ் பொம்மை பார்த்தேன். குறைமாதக் குழந்தைகள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிடுமாம். நாமும் செய்யலாமா?

டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய பழக்கம் அது. பொம்மையின் சுருள் கைகள் தொப்புள் கொடியை நினைவூட்டுகின்றன, குழந்தை குழாய்களைப் பிடித்து இழுக்காமல் இதைப் பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயமில்லை. விதிகளும் கடுமையானவை: முழுப் பருத்தி, இழுத்தாலும் 22 செ.மீ.க்கு மேல் நீளாத கைகள், உள்ளிருக்கும் பஞ்சு வெளியே தெரியாத அளவுக்கு நெருக்கமான பின்னல், சுடுநீர்ச் சலவையைத் தாங்கும் நூல். குழந்தைப் பிரிவின் மருத்துவர் கேட்டால் மட்டும் பின்னுவோம். நாமாகக் கொண்டுபோய் நிற்க வேண்டாம்.

பின்னியதைத் துவைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமா? புதிதுதானே?

புதிது என்றாலும் அது உங்கள் மடியிலும் சோபாவிலும் பஸ்ஸிலும் பல நாள் கிடந்தது. கீமோ எடுப்பவர்களுக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்து தொற்று எளிதில் வரும். ஆகவே சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் பின்ன வேண்டாம். முடித்ததும் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவைத்துப் புதிய உறையில் போடுங்கள். பருத்தி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும், மேலே சொன்ன அளவை அதன்பிறகு ஒரு தடவை சரிபாருங்கள். கருநீலமும் சிவப்பும் சாயம் விடும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாசனை சோப்புத்தூள் வேண்டாம். கீமோ காலத்தில் மல்லிகை வாசனைகூடக் குமட்டும். மீன் பொரிக்கும் நேரத்தில் அடுக்களை மேசையில் வைத்துப் பின்னவும் வேண்டாம், சொல்லிவிட்டேன்.

பீரோவில் எடுத்துவைக்கும்போது பாச்சை உருண்டை போடவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பாச்சை உருண்டை மணக்கும் குல்லா வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தைப் பிரிவுக்கு அனுப்புவதில்லை.

ஒரு மருத்துவமனையில் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லது செய்யப்போனால் இப்படியா?

எங்களுக்கும் நடந்திருக்கிறது. வருத்தப்பட ஒன்றுமில்லை. தொற்றுத் தடுப்பு விதிகள் பிரிவுக்குப் பிரிவு மாறும். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தீக்காயப் பிரிவிலும் வெளித்துணியைப் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். பையோடு போய் நிற்பதற்கு முன் அந்தப் பிரிவின் செவிலியர் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்: வேண்டுமா, எந்த அளவு, எந்த மாதம். அவர் "காலுறைதான் வேண்டும்" என்றால் காலுறை பின்னுவோம்.

உள்ளே ஒரு வேத வசனம் வைத்துக் கொடுக்கலாம் அல்லவா? சுவிசேஷமும் ஆயிற்றே?

இந்தக் கேள்விக்குச் சங்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு. என் கட்சியைச் சொல்கிறேன். நம் சபையார் என்றால் வையுங்கள், மகிழ்வார்கள். மற்றவர்களுக்கு வேண்டாம். வீட்டில் இருப்பவர் பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பவர் எங்கே போவார்? அவர் தலையில் போடுவதற்குத் தொப்பியைக் கொடுத்துவிட்டு அதற்கு விலை கேட்பதுபோல் ஆகிவிடும். பின்னும்போது அவருக்காக ஜெபியுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. யோப்பாவில் தபீத்தாள் இறந்தபோது, அவர் தைத்துக் கொடுத்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டியதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அந்த அங்கிகளோடு சீட்டு வந்ததாக ஒன்றும் எழுதியில்லை.

எங்கள் உறையில் இருக்கும் சீட்டில் மூன்று வரிதான்: முழுப் பருத்தி, சுடுநீரில் துவைக்கலாம், சபையின் அன்புடன்.

அமெரிக்காவில் என் மகள் போகும் சபையில் 'பிரேயர் ஷால்' என்று பின்னுகிறார்களாம். அதுதானா இது?

அதன் உறவு. 1998-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா கேலோ என்ற இரண்டு பெண்கள் தொடங்கியது. ஹார்ட்ஃபோர்டு இறையியல் கல்லூரியில் பெண்களுக்கான தலைமைப் பயிற்சி முடித்தவர்கள் அவர்கள். நோயாளிக்கோ துக்கத்தில் இருப்பவருக்கோ ஒரு சால்வை. மூன்று கண்ணி நேராக, மூன்று கண்ணி மறுபக்கமாக என்று மூன்று மூன்றாகப் பின்னுவார்கள். பெரிதாக எண்ணத் தேவையில்லாததால் கை பின்ன, மனம் ஜெபிக்க முடிகிறது. அங்கே அது மற்ற மதத்தாரிடமும் பரவியிருக்கிறது. குளிர்நாட்டுக் கனத்தில் இங்கே பின்னினால் பெட்டிக்குள்தான் போகும். நாங்கள் பின்னும் போர்வை மெல்லிய பருத்தி, முழங்காலை மூடும் அளவு.

லேஸுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். வெறும் தொப்பியாகக் கொடுத்தால் கேவலமாக இல்லையா?

பெருமை நியாயம்தான். 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைத்தளையிலிருந்த பெண்கள் சிலர் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்தால் அந்த நூலின் மதிப்புத் தெரியும். அவருடைய மகள் எலிசா கால்டுவெல் இடையன்குடிக்கு அதே வேலையைக் கொண்டுபோனார். ஆனால் அது தலையணையில் குண்டூசி குத்தி, கட்டைகளில் நூல் சுற்றி, விற்பதற்காகச் செய்த நுண்வேலை. வலிக்கிற தலைக்கு லேஸின் மேடுபள்ளம் ஆகாது. பீடத்து விரிப்புக்குப் போடுங்கள், இரசிப்போம்.

இவ்வளவு பாடு எதற்கு? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் விற்று, காசாகக் கொடுத்தால் அவர்களுக்குப் பயன்படுமே?

கேட்க வேண்டிய கேள்வி. பல நேரம் காசுதான் பயன்படும். பெரிய தொப்பி ஒன்றுக்கு 50 முதல் 70 கிராம் பருத்தி நூல் ஆகும். அந்த விலைக்குக் கடையிலேயே ஒரு பனியன் துணித் தொப்பி வாங்கிவிடலாம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு வாராவாரம் போய்வரும் குடும்பத்துக்கு முதல் தேவை பஸ் செலவும் மதியச் சாப்பாடும். அதற்குச் சங்கத்தில் தனிக் காணிக்கைப் பெட்டி இருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் நாங்கள் பின்னிய மேசைவிரிப்புகள் ஏலம் போகும் பணமும் அந்தப் பெட்டிக்கே போகிறது.

அப்படியானால் எதைப் பின்னுவது? கடையில் கிடைக்காததை. ஒன்றரைக் கிலோக் குழந்தைக்குக் குல்லா எந்தத் துணிக்கடையில் இருக்கிறது? உள்ளே தையல் விளிம்பு இல்லாத தொப்பி? கை வீங்கியவருக்கு இறுக்காத மணிக்கட்டு உறை? மறதி நோயில் விரல்கள் எதையாவது பிய்த்துக்கொண்டே இருப்பவருக்கு, பிடித்துத் திருகப் பட்டையும் வளையமும் உறுதியாகத் தைத்து மடியில் விரிக்கும் துணி? எங்கள் நேரம் அங்கே செலவாகட்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதைப் பின்னிக்கொண்டிருந்தால் அது நம் பொழுதுபோக்கு. அதிலும் தப்பில்லை, தருமம் என்று பேர்வைக்க வேண்டாம்.

(காதோடு கேட்டது) மார்பக அறுவை ஆனவர்களுக்கு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஏதோ பின்னுகிறார்களாமே, நம்மால் முடியுமா?

முடியும், பின்னுகிறோம். மேற்கூறிய 'கடையில் கிடைக்காதது' பட்டியலில் முதலில் வரவேண்டியது இது. பருத்தியில் பின்னிய வட்டமான உறை, உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு. வட்டம் பின்னும் முறை தொப்பிக்குச் சொன்னதுதான். நடுவில் சற்றுக் குவிய வேண்டும் என்பதால் கூட்டலை முன்னதாகவே நிறுத்துகிறோம். சிலிகானில் செய்த செயற்கை மார்பகம் கனமானது, விலை அதிகம், நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும். இது இலேசு, துவைக்கலாம், பஞ்சைக் கூட்டிக் குறைத்து மற்றப் பக்கத்துக்கு ஈடாக்கலாம்.

காயம் முழுவதும் ஆறி, அறுவை செய்த மருத்துவர் சரி என்ற பிறகே அணிய வேண்டும். கேட்பவர் பெயரை எழுதுவதில்லை. அளவைச் சீட்டில் எழுதி ஒருவரிடம் கொடுத்தால் போதும், யாருக்கென்று பின்னுபவருக்கே தெரியாது.

கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்தால் மற்றவர்களும் உதவ முன்வருவார்களே?

தொப்பியைப் படமெடுங்கள், மேசையில் வைத்து. தலையை வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று படித்துவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது எந்தக் கணக்கு?

ஆண்கள் வரலாமா?

வரலாம். நம் கடற்கரையில் வலை பின்னுவதும் பொத்துவதும் ஆண்கள் கைவேலைதானே.

ஒருவருக்கென்று பின்னிக்கொண்டிருந்தேன், பாதியிலேயே அவர் போய்விட்டார். அதை முடித்து இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? மனம் ஒப்பவில்லை.

மனம் ஒப்பாவிட்டால் நீங்கள் முடிக்க வேண்டாம், எங்களிடம் கொடுங்கள். குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்போம். பாதியோடு வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டாம் என்றால் பிரித்து, நூலைக் கழுவி, புதிதாகத் தொடங்குவோம். பாதித் தொப்பியை அப்படியே தொடர்ந்து முடித்தால் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் இறந்தவருக்காகத் தொடங்கியது என்று தெரிந்தால் இங்கே நோயாளி வீட்டார் கலங்கிப்போவார்கள். தெரியாமல் கொடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிரித்துவிட்டால் இரண்டு சங்கடமும் இல்லை.

நான் பின்னிக் கொடுத்த தொப்பியை அந்த அம்மா ஒரு நாள்கூடப் போடவில்லை. முந்தானையைத்தான் தலையில் போட்டிருக்கிறார். கொடுத்தது வீண்தானே?

கொடுத்த பிறகு அது அவருடையது. போடலாம், பேத்திக்குக் கொடுக்கலாம், பீரோவில் வைக்கலாம். ஆராதனையில் எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

ஆனால் காரணம் இருக்கும். நம் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தொப்பி என்றாலே கூச்சம். தொப்பியைப் பார்த்ததுமே தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும் என்ற எண்ணம். முந்தானை யார் தலையிலும் இருப்பதுதான். அதில் ஒரே தொல்லை, முடியில்லாத தலையில் பட்டும் பாலியெஸ்டரும் நிற்காமல் வழுக்கி விழுவது. அப்படிப்பட்டவர்களுக்கு மெல்லிய உள்தொப்பி ஒன்று பின்னிக் கொடுங்கள்: கறுப்பு அல்லது அடர்பழுப்பு நூல், நெருக்கமான சிங்கிள் பின்னல், நெற்றியில் தெரியாதபடி விளிம்பு முடி தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல்கடை பின்னால். வெளிப்பக்கம் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் முந்தானை அதைப் பிடித்துக்கொள்ளும். அளவு மேலே சொன்னதைவிட ஒரு செ.மீ. குறைவு.